விளம்பரமும் அதன் பஞ்சாயத்தும்

எங்கள் அத்தானுக்குச் சர்க்கரை வியாதி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் பார்த்தார். நாற்பத்தெட்டு நாள் பொடி சாப்பிட்டால் சர்க்கரை வேரோடு போகும், மாத்திரையும் பத்தியமும் தேவையில்லை என்று போட்டிருந்தது. வி.பி.பி. பார்சலில் பொடி வந்தது. மாத்திரையை நிறுத்தினார். நாற்பத்தெட்டு நாள் முடிவதற்குள் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் புரையோடி, மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் குமாஸ்தா அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் கடிதம். அந்தப் பத்திரிகைக்கு விளம்பரத்தின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: விளம்பரங்களில் வரும் செய்திகளுக்குப் பத்திரிகை பொறுப்பல்ல. பொடி விற்றவரின் விலாசத்துக்கு அனுப்பிய கடிதம் திரும்பியே வந்துவிட்டது. அத்தோடு விட்டுவிட்டோம். "என் புத்திக்கு யாரைக் கேட்கிறது?" என்று அத்தான் சொன்னதோடு வீட்டில் பேச்சு முடிந்தது.

பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, அந்த நாளிலேயே அப்படிப்பட்ட விளம்பரத்தைத் தடுக்க ஒரு சட்டமும் இருந்தது, விளம்பரக்காரர்களே அமைத்த ஒரு பஞ்சாயத்தும் இருந்தது. இரண்டும் இருந்தும் இரண்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பஞ்சாயத்து. நம் பக்கத்தில் இது புதிய சங்கதி அல்ல. பிள்ளையார்பட்டி நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று. அந்தச் சமூகத்தின் கொடுக்கல் வாங்கல் பர்மாவில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடித் தங்களுக்குள் 'நடப்பு வட்டி' எவ்வளவு என்று தாங்களே நிர்ணயித்துக்கொண்டார்கள். 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. சர்க்கார் உத்தரவு கிடையாது, போலீஸ் கிடையாது. ஆனாலும் அந்த வட்டி செல்லுபடியாயிற்று. காரணம் எளிது. அந்த வட்டத்துக்குள் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கியும் கொடுத்தும் பிழைப்பவர்கள். பேச்சு தவறினவருக்கு அடுத்த நாள் பணம் பெயராது. பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம்தான் அங்கே சட்டம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விளம்பரத் தொழிலில் இந்த யோசனை ஐரோப்பாவிலும் எழுந்தது. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு விளம்பரம் என்பதற்குச் சொல்லிக்கொடுத்த பழைய சொல் 'ரெக்லாம்'. புகார் என்பதற்கு 'ரெக்லமாசியோன்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. உரக்கக் கூவிக் கேட்பது என்பது மூலப் பொருள். கடைக்காரர் கூவினால் விளம்பரம், வாங்கினவர் கூவினால் புகார் என்று நாங்கள் பையன்கள் சிரித்துக்கொள்வோம். பிரான்சில் 1935லேயே விளம்பரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்து விளம்பரங்களைக் கண்காணிக்க ஓர் அலுவலகம் வைத்தார்கள். அது 1953இல் விளம்பரச் சரிபார்ப்பு அலுவலகமாக மாறியது. 2008 முதல் வேறு பெயரில் நடக்கிறது. அங்கே தொலைக்காட்சி விளம்பரம் ஒவ்வொன்றும் ஒளிபரப்பாகும் முன்பே இந்த அமைப்பின் பார்வைக்குப் போக வேண்டும். பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சபை 1937இல் விளம்பர நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. பிற்பாடு பல நாடுகளில் எழுந்த நெறிமுறைகளுக்கு அதுவே மூத்தது. பிரிட்டனில் 1962இல் விளம்பரத் தர ஆணையம் வந்தது.

இவர்கள் தர்மத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. பொய் விளம்பரம் பெருகினால் ஜனங்கள் எந்த விளம்பரத்தையும் நம்ப மாட்டார்கள், உண்மை சொல்பவனுக்கும் நஷ்டம். தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளாவிட்டால் சர்க்கார் கடுமையான சட்டத்தோடு வரும் என்ற பயமும் உண்டு.

இந்தியாவில் சட்டம்தான் முதலில் வந்தது. 1954இல் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் இயற்றப்பட்டது. தாயத்து, மந்திரம் என்று நோய் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களையும், ஒரு பட்டியலில் குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் அது தடை செய்தது. அந்தப் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. அத்தான் பார்த்த கால் பக்கம், சட்டத்தின் கண்ணில் அச்சேறியிருக்கவே கூடாத ஒன்று. இந்தச் சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா உச்ச நீதிமன்றம் போனபோது, சரக்கை விற்பதற்கான விளம்பரம் எல்லாம் பேச்சுரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கியது. பிற்பாடு 1995இல் டாட்டா பிரஸ் வழக்கில், வணிக விளம்பரத்துக்கும் பேச்சுரிமையின் பாதுகாப்பு உண்டு, பொய்யானதும் ஏமாற்றுவதுமான விளம்பரத்தைச் சர்க்கார் தடுக்கலாம் என்று தெளிவாயிற்று.

அடுத்து ஊடகங்கள் பெருகின. 1967 நவம்பரில் விவித பாரதியில் விளம்பரம் வந்தது. அதற்கு முன் இலங்கை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 1976 ஜனவரியில் தூர்தர்ஷனிலும் விளம்பரம் தொடங்கியது. 1984இல் ஏகபோக வர்த்தகச் சட்டத்தைத் திருத்தி, முறையற்ற வணிக நடவடிக்கை என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பொய் விளம்பரமும் அதற்குள் அடங்கியது. அந்தச் சட்டத்தின் கமிஷனுக்கு விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருந்தது. 1985இல் பம்பாயில் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் பிறந்தது. சுருக்கமாக ஆஸ்கி என்பார்கள். விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள், விளம்பர ஏஜென்சிகள், பத்திரிகைகள், ஊடகங்கள் ஆகியோர் உறுப்பினர்கள். லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டுதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் நெருங்கி வரும்போதுதான் பஞ்சாயத்தும் கூடியது என்பதைக் கவனியுங்கள்.

கவுன்சிலின் நெறிமுறையில் நான்கு அத்தியாயங்கள். விளம்பரம் உண்மையாக இருக்க வேண்டும். பொது மரியாதைக்கு விரோதமாக இருக்கக் கூடாது. ஆபத்தான பொருளையும் ஆபத்தான செய்கையையும் கண்மூடித்தனமாகத் தூண்டக் கூடாது. போட்டியாளரிடம் நியாயமாக நடக்க வேண்டும். விசாரணை முறை, ஆபீஸ் கோப்பு நகர்வதைப் போலத்தான். யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். பொதுமக்களுக்குக் கட்டணம் கிடையாது, புகார் கொடுத்தவர் பெயரை விளம்பரக்காரருக்குச் சொல்ல மாட்டார்கள். விளம்பரக்காரரிடம் விளக்கம் கேட்பார்கள். இங்கேதான் முக்கியமான ஒரு விஷயம். பொய் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, உண்மை என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஆய்வு அறிக்கை, சர்வே விவரம், எதுவானாலும் அவர்தான் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் அத்துறை நிபுணரிடம் கருத்துக் கேட்பார்கள். பிறகு நுகர்வோர் புகார்க் குழு முடிவு செய்யும். அந்தக் குழுவில் விளம்பரத் தொழிலைச் சேராத டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள், நுகர்வோர் இயக்கத்தினர் போன்றவர்களே பெரும்பான்மை. புகார் சரி என்றால் விளம்பரத்தைத் திருத்து, அல்லது நிறுத்து என்பார்கள். முடிவை ஏற்காதவர் மறுபரிசீலனை கேட்டால், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அது நடக்கும்.

தொடக்கத்தில் இந்த மேடையில் பெரிய கம்பெனிகளின் சண்டையே அதிகம் பேசப்பட்டது. சிலர் நேரே கமிஷனுக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1997இல் புதிய பெப்சோடென்ட், முன்னணிப் பற்பசையைவிட 102 சதவீதம் மேலானது என்று விளம்பரம் வந்தது. முன்னணிப் பற்பசை எது என்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தில் ஒரு பையன் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பான், பின்னணியில் நமக்குப் பழக்கமான மெட்டு கேட்கும். கோல்கேட் கம்பெனி கமிஷனிடம் போனது. பெயர் சொல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்கும் புரியும் என்று கமிஷன் இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம்வரை போயும் அந்தத் தடை நீங்கவில்லை.

இன்னொன்று நம் வீட்டுக் கொல்லைப்புறத்துச் சண்டை. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதில் ராபினுக்கும் உஜாலாவுக்கும் போட்டி. உஜாலா விளம்பரத்தில் ராபின் டப்பாவைப் போன்ற ஒன்றைக் காட்டி மட்டமாகப் பேசினார்கள் என்று வழக்கு. கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது. என் சரக்கே உலகத்திலேயே உயர்ந்தது என்று வியாபாரி சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையில்லாவிட்டாலும் பரவாயில்லை. மற்றவன் சரக்கு மோசம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. சட்டப்படி சரிதான். ஆனால் அதில் இரண்டு வியாபாரிகளின் மானம் காப்பாற்றப்பட்டது. வேட்டி வெளுத்ததா இல்லையா என்று கேட்க வாங்கினவர் அங்கே இல்லை. பற்பசைக்காரருக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. அத்தானைப் போன்றவருக்காக வழக்குப் போட எந்தப் போட்டிக் கம்பெனி வரும்?

பெண்களின் சங்கம் ஒன்று வந்த கதையும் உண்டு. கறுப்பான பெண்ணுக்கு வேலையும் கல்யாணமும் கிடைக்காது, களிம்பு பூசிச் சிவந்ததும் எல்லாம் கிடைக்கிறது என்று காட்டிய ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்களை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடியது. 2003இல் அந்த விளம்பரங்கள் திரையிலிருந்து போயின. தோல் நிறத்தை வைத்து யாரையும் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று கவுன்சில் தனி விதி எழுதியது 2014இல். களிம்பின் பெயரிலிருந்தே அந்தச் சொல் நீங்கியது 2020இல். பதினேழு வருஷம். மெதுவாக நகர்ந்தாலும் கோப்பு நகர்ந்தது.

ஒரே கூற்றை இரண்டு ஊர்ப் பஞ்சாயத்து இரண்டு விதமாகப் பார்ப்பதும் உண்டு. குழந்தை உயரமாக, பலமாக, கூர்மையாக வளரும் என்று ஹார்லிக்ஸ் விளம்பரம் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதே கூற்றோடு ஒரு விளம்பரம் 2008இல் பிரிட்டனில் தெரியும் ஒரு நேபாளித் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. அது வங்கதேசத்துக்காக எடுத்தது என்று கம்பெனி சொன்னது. காட்டிய சான்று போதாது என்று பிரிட்டிஷ் ஆணையம் நிறுத்தச் சொல்லிவிட்டது. சான்று எவ்வளவு இருந்தால் போதும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது மொகல் தெருவுக்குத் திரும்புவோம். அங்கே பேர் கெட்டால் தொழில் போகும். விளம்பரத் தொழிலில் பெரிய கம்பெனிக்கு அந்தப் பயம் ஓரளவு உண்டு. இன்றைக்குக் கடை போட்டு நாளைக்கு விலாசம் மாறும் பொடிக்காரருக்கு என்ன பயம்? அவர் கவுன்சிலில் உறுப்பினரும் அல்ல. உறுப்பினர் அல்லாதவர் மீது கவுன்சிலுக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி நீதிமன்றங்கள் வரை போயிற்று. இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது 2006 ஆகஸ்டில் வந்த ஒரு திருத்தம். கவுன்சிலின் நெறிமுறையை மீறும் விளம்பரம் எதையும் கேபிள் டிவியில் காட்டக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே எழுதிவிட்டார்கள். பஞ்சாயத்துத் தீர்ப்புக்குச் சர்க்கார் முத்திரை விழுந்த மாதிரி. அச்சுப் பத்திரிகைக்கு அப்படி ஒரு விதி வரவில்லை.

2012இல் கவுன்சில் ஒரு நல்ல காரியம் செய்தது. புகார் வரட்டும் என்று காத்திராமல், பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வரும் விளம்பரங்களைத் தானே பார்த்துப் பிடிக்கத் தொடங்கியது. நிறையப் பிடிபட்டவை இரண்டு வகை: மருத்துவமும் கல்வியும். நூற்றுக்கு நூறு வேலை உறுதி, மாநிலத்தில் முதலிடம் என்று பேனர் வைக்கும் கல்லூரிகளை நம் திருப்பத்தூர் சாலையிலேயே பார்க்கிறோமே. அவற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும் என்று கவுன்சிலில் தனி விதி உண்டு. பிறகு நுகர்வோர் துறை 2015இல் புகார்த் தளம் திறந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஆயுஷ் அமைச்சகமும் 2016, 2017இல் கவுன்சிலோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. கேட்காதவரைச் சர்க்காரிடம் அனுப்ப வழி கிடைத்தது.

ஆனாலும் பெரிய ஆள் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அண்மையில் பார்த்தோம். 2016லேயே பதஞ்சலியின் கடுகு எண்ணெய் உட்படச் சில விளம்பரங்களின் கூற்றுகளுக்கு ஆதாரம் இல்லை என்று கவுன்சில் முடிவு சொல்லியிருந்தது. 2020இல் கொரோனா காலத்தில் கொரோனில் வந்தது. ஏற்கெனவே அந்தப் பெயரைப் பதிவு செய்திருந்த சென்னைக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஜனங்களின் பயத்தை வைத்துப் பணம் பண்ணப் பார்க்கிறார்கள் என்று கண்டித்துப் பத்து லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தார். பிறகு டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 2022இல் இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. விளம்பரம் செய்ய மாட்டோம் என்று 2023 நவம்பரில் உறுதி கொடுத்தும் மீறியதாக 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. ஏப்ரலில் 67 பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டார்கள். அப்போது நீதிபதிகள் கேட்ட கேள்வியை நான் கைதட்டிப் படித்தேன். மன்னிப்பும் விளம்பரத்தின் அளவிலேயே இருக்கிறதா என்று கேட்டார்கள். மறுநாள் பெரிய அளவில் மன்னிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் அவமதிப்பு வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

சட்டமும் இப்போது கொஞ்சம் பல் முளைத்து நிற்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை, திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் நடிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. கவுன்சிலும் 2021இல், செல்போனில் பொருளைப் புகழ்ந்து பேசும் பிரபலங்கள் அது விளம்பரம் என்று தெரிவிக்க வேண்டும் என விதித்தது. 2023இல், உடல்நலம் பற்றிப் பேசுபவர் தன் படிப்பைக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தது.

ஆகப் பஞ்சாயத்து வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனி இன்னொன்றின் வாலை மிதித்தால் அது ஏழு நாளில்கூடத் தீர்த்து வைக்கிறது. நாம் பொய்யை நிரூபிக்க வேண்டாம், அவர் உண்மையை நிரூபிக்கட்டும் என்ற அதன் முறை, கோர்ட் வாசலே மிதிக்காத நமக்குப் பெரிய உதவி. ஆனால் பேருக்குப் பயப்படாதவரிடம் அது செல்லாது. அங்கே சர்க்கார் வேண்டும். சர்க்காரோ யாராவது எழுதிப்போடாமல் எழுந்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போன இடத்தில்தான் எங்கள் அத்தானின் இரண்டு விரல்கள் போயின.

அதனால் ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை. சந்தேகமான விளம்பரம் கண்ணில் பட்டால் கிழித்து எடுத்து, பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம் எழுதி வையுங்கள். செல்போனில் வந்தால் பேரனை விட்டுப் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்கிக்கு 77100 12345 என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. மருந்து விளம்பரமானால், அனுப்பும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு தரம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் அதுவரை நிறுத்தாதீர்கள்.

அத்தான் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தக் கால் பக்கக் காகிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. மஞ்சளாகிவிட்டது, எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிகிறது.